பெரிய விலங்குகள் நடமாடும் ஆப்பிரிக்கக் காட்டில் ரைபிள் பயிற்சி: புறப்படுமுன் செய்ய வேண்டியவை

யானை, சிங்கம், சிறுத்தை, ஆப்பிரிக்க எருமை, காண்டாமிருகம், நீர்யானை எல்லாம் நடமாடும் காட்டில், கையில் பெரிய ரைபிளோடு கால்நடையாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கற்றுத்தரும் பயிற்சிகள் தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும் நடக்கின்றன. சேரும் புதியவர்களில் பலர் ரைபிளைப் பிடிக்கப் பழகுவதிலேயே பாதி நாளைக் கழித்துவிடுகிறார்கள். மூச்சு வாங்காமல் நடக்கப் பழகுவதில் மீதி நாளும் போய்விடுகிறது. காட்டைப் பார்க்க நேரமே இருப்பதில்லை. கைக்கும் காலுக்குமான பழக்கத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போனால், அங்கே கண்ணும் காதும் முழுக்கக் காட்டுக்குக் கிடைக்கும். இந்தக் கட்டுரை அந்தத் தயாரிப்பைப் பற்றியது.

எந்தப் பயிற்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொழில்முறை வேட்டைக்காரருக்கான வழி. தென்னாப்பிரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்துத் தேர்வெழுதி, மாகாண அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். ஜிம்பாப்வேயில் இது பல வருட வேலை. முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு உரிமம் பெற்ற ஒருவரிடம் பயிற்சிக் காலம், அதன்பின் துப்பாக்கித் தேர்வு, கடைசியில் காட்டில் முகாம் போட்டு நடக்கும் செய்முறைத் தேர்வு. ஆப்பிரிக்காவிலேயே கடினமானது என்று அந்தத் தேர்வுக்குப் பெயர்.

இன்னொன்று, சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கான வழி. தென்னாப்பிரிக்காவில் 1990-இல் தொடங்கிய ஃபீல்டு கைட்ஸ் அசோசியேஷன் ஆஃப் சதர்ன் ஆப்பிரிக்கா, சுருக்கமாக ஃபகாசா, இதற்குத் தரம் வகுத்துச் சான்று கொடுக்கிறது. எத்தனை மணி நேரம் நடந்தீர்கள், எந்த விலங்கை எப்படி எதிர்கொண்டீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ரைபிளைக் கையாளும் தேர்வு தனியாக உண்டு.

புதியவர் இரண்டாவது வழியில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். வேட்டைப் பயிற்சியில் ஒரு விலங்கைத் தேடிப் போய் முடித்துவிட்டுத் திரும்புகிறோம். வழிகாட்டிப் பயிற்சியிலோ அதே விலங்கின் அருகே போக வேண்டும், அது பதறாமல் விலகி வரவும் வேண்டும். அந்தச் சந்திப்பு நாள்தோறும் நடக்கும். விலங்கைப் படிக்கும் திறமை அதில்தான் வளர்கிறது. பிறகு வேட்டைத் தொழிலுக்கே போனாலும் அந்தப் படிப்பு வீண்போகாது.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கதவை மூடிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அனுமதிச் சீட்டோடு வேட்டை சட்டப்படி நடக்கிறது. தனியார் நிலத்தில் உள்ள வனவிலங்கு நில உடைமையாளரின் சொத்தாகவும் இருக்கலாம். இது உங்களுக்கு ஒப்புமா என்று போகுமுன்பே யோசித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அடைப்புக்குள் வளர்த்த சிங்கத்தைச் சுடவிடும் இடத்துக்கும், குட்டிச் சிங்கத்தைக் கொஞ்சக் கொடுத்துக் காசு வாங்கும் இடத்துக்கும் பயிற்சி என்ற பெயரில்கூடப் போகாதீர்கள். சிங்கங்களை அடைத்து வளர்க்கும் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாகத் தென்னாப்பிரிக்க அரசே 2021-இல் அறிவித்தது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

பயிற்சி நடக்கும் இடத்தில் விலங்குகள் நிஜமாகவே தாராளமாகத் திரிகின்றனவா? தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தில் டிம்பாவாட்டி, கிளாசெரி, சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் பூங்காவுக்கும் நடுவே வேலி கிடையாது. பூங்காவின் வடகோடியில் லிம்போபோ, லுவுவு ஆறுகளுக்கு இடையே மகுலேகே நிலம் இருக்கிறது. 1969-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட மகுலேகே மக்களுக்கு 1998-இல் அது திரும்பக் கிடைத்தது. இப்படிப்பட்ட இடங்களில் நடந்து கற்பது வேறு, வேலி போட்ட சின்னப் பண்ணையில் கற்பது வேறு.

அப்புறம், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர், ஒருவருக்கு எத்தனை தோட்டா, அசையும் இலக்கில் சுட வாய்ப்பு உண்டா, அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கால்கள்: ஆறு மாதம் முன்பே

காட்டில் நடையின் வேகம் குறைவு, தூரம் அதிகம். வறண்ட ஆற்று மணலில் கால் புதையும். பயிற்சியில் கொடுக்கும் .375 ரைபிள் (குண்டின் விட்டம் .375 அங்குலம்) ஒன்று சுமார் நான்கு, நாலரைக் கிலோ இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க விடமாட்டார்கள், கையில்தான் இருக்க வேண்டும். ஆகவே வெறுங்கையோடு நடந்து பழகுவதில் பயன் குறைவு. அதே எடையில் ஒரு கட்டையோ இரும்புக் குழாயோ எடுத்துக்கொண்டு, முதுகில் மூன்று லிட்டர் தண்ணீரோடு வாரத்துக்கு மூன்று நாலு நாள் நடங்கள். கடற்கரை மணல் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

நடக்கும்போதே குழல்முனைப் பழக்கமும் வரட்டும். கட்டையின் ஒரு நுனியைக் குழல்முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆள் வந்தாலும், குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினாலும், படியேறினாலும் அந்த நுனி யாரையும் நோக்கக் கூடாது. தெருவில் போவோர் வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. முள்மரத்துக்கு அடியில் குனிந்து நுழையும்போது முன்னால் போகிறவரின் முதுகை உங்கள் குழல் தொட்டால், நல்ல பயிற்சியாளர் அன்றைக்கே ரைபிளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

கைகள்: அதிக நேரம் இதற்குத்தான்

ஆபத்தான விலங்குகளுக்கு .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம்தான் பல நாடுகளில் குறைந்தபட்ச அளவு. 1912-இல் வந்த இந்தத் தோட்டா இன்றும் எங்கும் கிடைக்கிறது. 1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னமும் பயிற்சி முகாம்களில் அதிகம் தென்படும். நமீபியாவில் விட்டத்தைவிட ஆற்றலைத்தான் பார்க்கிறார்கள். யானை, எருமை போன்றவற்றுக்குக் குறைந்தது 5400 ஜூல் வேண்டும். .375-இன் உதைப்பு .308 ரைபிளைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், .458 அதையும் தாண்டும். புதியவருக்கு .375 போதும், தாராளமாகப் போதும்.

பெரும்பாலும் போல்ட் ரைபிள்தான் கொடுப்பார்கள், அதாவது போல்ட் என்னும் தாழைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது. அதிலும் மவுசர் 98 என்ற பழைய ரைபிளின் அமைப்பைப் பின்பற்றியவை. தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து தோட்டா எழும்பும்போதே அதன் அடிவிளிம்பை ஒரு கொக்கி கவ்விக்கொள்ளும். அதனால் பதற்றத்தில் இரண்டு தோட்டா ஒன்றாகப் போய்ச் சிக்குவது குறைவு. ஆனால் போல்ட்டை அரைகுறையாக இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறாது. குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையைக் காலியாகவே மூடிவிட்டு விசையை அழுத்துவீர்கள், ஒரு டிக் சத்தம் மட்டும் வரும். புதியவர்களிடம் அதிகம் காணும் தவறு இது. போல்ட்டைப் பின்கோடி வரை முரட்டுத்தனமாக இழுத்து, முன்கோடி வரை முரட்டுத்தனமாகத் தள்ள வேண்டும். அதையும் ரைபிளைத் தோளிலிருந்து இறக்காமலே, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமலே செய்ய வேண்டும்.

கண்ணைக் கட்டிவிட்டுத் தோட்டா போடச் சொல்வார்கள். விரல் நுனிதான் பார்க்கும். .375, .458 இரண்டிலும் அடிவிளிம்புக்குச் சற்று மேலே ஒரு பட்டை வளையம் இருக்கும். கட்டைவிரல் அதைத் தடவியதுமே எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் முனை என்று தெரிந்துவிடும். இடுப்புப் பட்டியில் தோட்டாக்கள் எப்போதும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் நோக்கி இருக்கட்டும். கனமான திடக் குண்டுகள் ஒரு பக்கம், விரியும் மென்குண்டுகள் மறுபக்கம் என்று இடம் பிரித்துவிடுங்கள். யானையின் மண்டையோட்டுக்குத் திடக் குண்டு வேண்டும், சிங்கத்துக்கு மென்குண்டு. இருட்டிலும் எது எங்கே என்று கை அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பெரிய ரைபிள் ஏது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து காற்றுத் துப்பாக்கியிலும் .22-இலும் சுட்டாலே போதும். விசையைப் பட்டென்று இழுக்காமல் அழுத்துவது, மூச்சை அடக்குவது, சத்தத்துக்குக் கண் மூடாமல் இருப்பது எல்லாம் அங்கேயே வரும். குறி வைக்கும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கப் பழகுங்கள். பாய்ந்து வரும் விலங்கின் பக்கத்தில் இன்னொன்று வருகிறதா என்று பார்க்க அந்த இரண்டாவது கண் வேண்டும். கிளப்பில் அனுமதித்தால், போலித் தோட்டா போட்டு போல்ட் இயக்கும் பயிற்சியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செய்யுங்கள்.

உதைப்புக்குப் பயப்படுவதை மறைக்க முடியாது. பயிற்சியாளர் உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகிவிடுவார். விசை அழுந்தும், சத்தம் வராது, ஆனால் குழல் மட்டும் கீழே குனியும். அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறிய ரைபிளுக்கு இறங்கி, கொஞ்சம் சுட்டு, மறுபடி பெரியதற்கு ஏறுவதுதான் மருந்து. உடம்பைச் சற்று முன்சாய்த்து நின்று, ரைபிளைத் தோள் குழியில் இறுக்கிப் பிடியுங்கள். தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் கண்ணை மிக அருகில் வைத்தால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

கடைசித் தேர்வில் சிங்கப் படம் ஒட்டிய இலக்கைக் கயிற்றில் கட்டி உங்களை நோக்கி இழுப்பார்கள். வேகம் பிடித்த சிங்கம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். முப்பது மீட்டரைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் விசையைப் பூட்டிவைக்கும் சேஃப்டி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா?

விலங்கைப் படிப்பது

துப்பாக்கி தேவைப்படாமல் நாள் முடிய வேண்டும் என்றால் இதுதான் வழி. போகுமுன்பே படங்களும் காணொலிகளும் பார்த்து விலங்கின் உடல்மொழியைப் பழகிக்கொள்ளுங்கள்.

யானை காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு ஓடிவந்தால் பெரும்பாலும் அது மிரட்டல். காது பின்னால் ஒட்டி, துதிக்கை உள்ளே சுருண்டு, சத்தமில்லாமல் வந்தால் நிலைமை மோசம். இதையும் சட்டம்போல நம்பிவிடக் கூடாது, மிரட்டலாகத் தொடங்குவது நிஜமாகவும் முடியலாம். நம் ஊரில் யானையின் கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று விலகிவிடுவோம். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் பதற்றத்தில் கன்னத்தில் நீர் கசியும். ஆகவே அதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பின்னங்கால்களின் உட்புறம் ஈரமாக, சிறுநீர் சொட்டிக்கொண்டே, காட்டமான வாடையோடு ஓர் ஆண் யானை வந்தால் அதுதான் மதம். அன்றைக்குப் பாதையை மாற்றிவிடுங்கள்.

எருமை பெரும்பாலும் மிரட்டுவதில்லை, வந்தால் வந்ததுதான். மந்தையைவிட, மந்தையிலிருந்து ஒதுங்கிச் சேற்றில் புரண்டு கிடக்கும் கிழக் காளைகளிடம் அதிகக் கவனம் வேண்டும். டாகா பாய் என்று அங்கே அவற்றைச் சொல்வார்கள். அடர்ந்த நாணலில் படுத்திருந்தால் பத்தடி வரை தெரியாது. ஆனால் எருமையின் முதுகில் உண்ணி கொத்தும் ஆக்ஸ்பெக்கர் பறவைகள் கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் நில்லுங்கள். இந்த ஒரு பறவையின் குரலைப் போகுமுன்பே பதிவில் கேட்டு மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

சிங்கம் உறுமி, வாலைச் சாட்டையாக அடித்தால் ஓடக் கூடாது. முகத்தைக் காட்டி நின்று, அது தணிந்தபின் மெல்லப் பின்வாங்க வேண்டும். சிறுத்தையைப் பார்த்தும் பார்க்காததுபோல நகர்ந்துவிடுங்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்காதீர்கள், குறிப்பாக அது மேய்ந்துவிட்டுத் திரும்பும் விடியற்காலையில். கறுப்புக் காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. பக்கத்தில் எந்த மரத்துக்குப் பின்னால் போகலாம் என்று பார்த்துக்கொண்டே நடங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று, நம் வாடையை விலங்கிடம் கொண்டுபோவது அதுதான். மெல்லிய துணியில் விறகுச் சாம்பலை முடிந்து பையில் வைத்திருப்பார்கள். சுண்டினால் ஒரு துளிச் சாம்பல் காற்றில் மிதந்து திசை காட்டும். வெயில் ஏற ஏறக் காற்று திரும்பும், ஆகவே சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

யானையின் மூளை எங்கே இருக்கிறது என்பதையும் வீட்டிலேயே வரைந்து பாருங்கள். மண்டையின் பெரும்பகுதி தேன்கூடு போன்ற எலும்புதான், மூளை பின்னால் தாழ்வாக இருக்கிறது. இரண்டு காதுத் துளைகளையும் இணைத்து ஒரு கம்பி செருகினால் அது மூளை இருக்கும் இடத்தை ஒட்டிப் போகும். முகத்தில் ஒரு புள்ளியை மனப்பாடம் செய்வது ஆபத்து. யானை தலையைத் தூக்கினால் குறிவைக்கும் இடம் துதிக்கையில் கீழே இறங்கும், தாழ்த்தினால் மேலே ஏறும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் கம்பி மனக்கண்ணில் தெரிய வேண்டும்.

உடம்புக்கான ஏற்பாடு

குரூகர் பகுதியில் மலேரியா உண்டு, மழைக்காலத்தில் அதிகம். முதன்முறை போகிறவர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவது நல்லது. அப்போது புல் தாழ்ந்திருக்கும், கொசு குறைவு, பார்வை எட்டும். விடியலில் குளிர் நடுக்கும் என்பது ஒன்றுதான் தொல்லை. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆனால் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்ல மறக்காதீர்கள். மெஃப்ளோகுவின் சிலருக்குத் தலைச்சுற்றலும் மனக் கலக்கமும் தரும், டாக்ஸிசைக்ளின் வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும்.

நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் பறந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம், இந்தியா திரும்பும்போதும்கூட. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

புல்லில் மிளகு அளவுக்கும் குறைவான உண்ணிகள் ஏறும். மாலையில் கால் இடுக்கு, இடுப்புப் பட்டை ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும் கூடவே காய்ச்சலும் தலைவலியும் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே சொல்லிவிடுங்கள். மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான். பயணக் காப்பீடு எடுக்கும்போது துப்பாக்கி, வேட்டை என்று விலக்கு வைத்திருக்கிறார்களா என்று சிறிய எழுத்துகளையும் படியுங்கள்.

காகிதமும் துப்பாக்கியும்

சொந்த ரைபிள் எடுத்துப்போகும் யோசனை வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி உரிமம் உள்ளவர் தன் நேரடி மேற்பார்வையில் இன்னொருவரைப் பயன்படுத்தவிடலாம், ஆகவே பள்ளியின் ரைபிளே போதும். சான்றிதழ் வரை போக நினைத்தால், துப்பாக்கித் தகுதிச் சான்றுக்குப் பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எந்த விசா என்பது பயிற்சியின் நீளத்தைப் பொறுத்தது. பள்ளியின் கடிதம் கைக்கு வந்தபின் விண்ணப்பியுங்கள்.

மூட்டை

காலுக்குப் பழகிய பூட்ஸ். புதிதாக வாங்கி நேரே அங்கே போய்ப் போட்டால் மூன்றாம் நாள் நடக்க முடியாது. பச்சை, காக்கி, பழுப்பு நிறப் பருத்தி உடைகள். நடக்கும்போது சரசரக்கும் நைலான் வேண்டாம். ராணுவப் புள்ளி உடுப்பு வேண்டவே வேண்டாம், ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம். ஜாம்பேசிப் பள்ளத்தாக்குப் பக்கம் போவதானால் நீலமும் கறுப்பும் தவிருங்கள், கடிக்கும் செட்சி ஈக்களை அவை இழுக்கும். 8x42 பைனாகுலர், சிவப்பு ஒளியும் உள்ள தலைவிளக்கு, சின்ன நோட்டு, பென்சில். சைவம் என்றால் முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய பாப் தினமும் இருக்கும்.

முகாமில் முதல் நாட்கள்

இருட்டியபின் தனியாகக் கூடாரத்தை விட்டு வெளியே போகாதீர்கள். காலையில் பூட்ஸைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தடித்த வாலும் மெல்லிய முன் இடுக்கிகளுமாக ஒரு தேள் விழுந்தால் அதுதான் விஷம் அதிகமுள்ள வகை. பஃப் ஆடர் பாம்பு காலடிச் சத்தம் கேட்டும் நகராமல் பாதையிலேயே கிடக்கும், கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள்.

நடையில் வரிசை மாறக் கூடாது, பேசக் கூடாது. வழிகாட்டி கை உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ரைபிள் அறையில் தோட்டா இருக்கலாமா கூடாதா என்பது அவர் சொல்வதுதான். தடம் பார்ப்பவர்களில் பலர் அந்த மண்ணிலேயே வளர்ந்த ஷாங்கான் மக்கள். அவர்களோடு கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காருங்கள், அந்தப் படிப்பு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. யானையின் முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும், நம் பாகர்களும் அறிந்த கணக்கு இது. சிங்கத் தடத்தில் நகம் பதியாது, கழுதைப்புலித் தடத்தில் பதியும். தடத்தின் விளிம்பு இன்னும் கூராக நிற்கிறதா, பூச்சி குறுக்கே ஓடிய கோடு அதன்மேல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இரவில் திரியும் பூச்சியின் கோடு தடத்தின்மேல் ஓடினால், விலங்கு அதற்கு முன்பே போய்விட்டது. கோட்டை மிதித்துத் தடம் விழுந்திருந்தால் அது பக்கத்திலேயே இருக்கலாம்.

ஊர் திரும்புமுன்

முள்ளம்பன்றி முள், இறகு, பல், எலும்பு என்று எதையும் எடுத்து வராதீர்கள், காட்டில் கிடந்ததாக இருந்தாலும் சரி. பையின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து தலைகீழாக உதறுங்கள். சட்டைப் பை, பைனாகுலர் உறை, பூட்ஸின் உள்பக்கம் எதையும் விடாதீர்கள். பயிற்சியின்போது தெறித்து விழுந்த ஒரு காலித் தோட்டா உறை விமான நிலையத்தில் ஸ்கேனரில் அகப்பட்டால், விமானத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டிவரும். உதறி முடித்தபின் இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.